விமான நிறுவன நேர்காணலுக்குப் போகும் பைலட் என்ன உடுத்த வேண்டும்? கோட் முதல் சாக்ஸ் வரை

சிபிஎல் (வணிக விமானி உரிமம்) வாங்க அரைக் கோடிக்கு மேல் செலவழித்து, விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை முட்டி மோதி முடித்து, பைலட்டுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் (உடல்தகுதிச்) சான்றிதழும் கையில் வைத்திருப்பவர், நேர்காணல் அழைப்பு வந்ததும் முதலில் கேட்பது “கோட் கட்டாயமா?” என்றுதான். கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோட், எப்படித் தைத்தது, அதற்குக் கீழே என்ன, அதைச் சென்னையிலிருந்து குருகிராம் வரை கசங்காமல் எப்படிக் கொண்டு போவது என்பதெல்லாம் அடுத்த கேள்விகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடை யாருக்கும் வேலை வாங்கித் தராது. நேர்காணல் குழுவில் ஒருவராவது அனுபவமுள்ள கேப்டனாக இருப்பார். இந்த ஆளைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு நான்கு மணி நேரம் பறக்கலாமா, நம் யூனிஃபார்மில் பயணிகள் முன்னால் நிறுத்தலாமா என்றுதான் அவர் மனசு கணக்குப் போடும். அந்தக் கணக்கில் உங்கள் உடை குறுக்கே வரக்கூடாது. நீங்கள் அறையை விட்டு வெளியேறிய பிறகு என்ன நிறத்தில் டை கட்டியிருந்தீர்கள் என்பது அவருக்கு ஞாபகம் வராவிட்டால், சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இந்தியாவில் ஃபர்ஸ்ட் ஆபீசர் (கேப்டனுக்குப் பக்கத்தில் உட்காரும் துணை விமானி) வேலைக்கு முயல்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வளைகுடா நிறுவனங்களுக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: அழைப்பு மின்னஞ்சலைப் பொறுமையாகப் படியுங்கள்

தேர்வு என்பது ஒரே நாள் சமாச்சாரம் இல்லை. எழுத்துத் தேர்வு, கணினியில் நடக்கும் சைக்கோமெட்ரிக் (மனத்திறன்) தேர்வு, குழுவாகச் செய்யும் பணி, சிமுலேட்டர் (தரையிலேயே விமானம் ஓட்டிக் காட்டும் மாதிரி காக்பிட்), நேர்காணல் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வரிசை மாறும். சில இடங்களில் இரண்டு கட்டங்களை ஒரே நாளில் முடிப்பார்கள். எந்த நாளில் எது என்று தெரிந்தால்தான் என்ன உடுத்துவது என்று முடிவு செய்ய முடியும்.

மின்னஞ்சலில் ‘பிசினஸ் ஃபார்மல்’ என்று இருந்தால் கோட், டை இரண்டும் வேண்டும். வெறும் ‘ஃபார்மல்ஸ்’ என்று இருந்தாலும் அப்படியே போங்கள்; அதிகம் என்று தோன்றினால் கோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம், கொண்டு போகாத கோட்டை அங்கே போய் வரவழைக்க முடியாது. உடை பற்றி எதுவுமே சொல்லவில்லையா? அதையும் ஃபார்மல் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கணினித் தேர்வு மட்டும் நடக்கும் நாளில் கோட் தேவைப்படாது. முழுக்கைச் சட்டை, ஃபார்மல் பேன்ட், ஷூ போதும். ஆனால் அந்த நாளிலும் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் வேண்டாம். தேர்வு நடத்தும் அலுவலகத்தின் வரவேற்பறையிலும் லிஃப்டிலும் யார் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

படி 2: யூனிஃபார்மை வீட்டில் விட்டுவிடுங்கள்

ஃபர்சத்கஞ்சிலோ பாராமதியிலோ ஃபுளோரிடாவிலோ பயிற்சி முடித்தவர்களிடம் வெள்ளைச் சட்டையும் தோளில் கோடு போட்ட பட்டைகளும் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போனால் பைலட் களை வருமே என்று ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். நிறுவனமே யூனிஃபார்மில் வரச் சொல்லியிருந்தால் தவிர, நேர்காணலுக்கு சாதாரண சூட்தான்.

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஆரம்பத்தில் பைலட்டுகள் தோல் ஜாக்கெட்டும் கழுத்தில் பட்டுத்துணியும் காற்றுத் தடுக்கும் கண்ணாடியுமாகத் திரிந்தவர்கள். 1930களில் பான் அமெரிக்கன் நிறுவனம் தன் பறக்கும் படகுகளை (நீரில் இறங்கி ஏறும் விமானங்களை) ஓட்டியவர்களுக்குக் கப்பற்படை அதிகாரிகளைப் போல உடை கொடுத்தது. கப்பல் கேப்டனைப் போல இவரையும் நம்பி ஏறலாம் என்று பயணிகளுக்குத் தோன்ற வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று கேப்டனுக்கு நான்கு கோடு, ஃபர்ஸ்ட் ஆபீசருக்குப் பெரும்பாலும் மூன்று கோடு என்று நாம் பார்ப்பதும் அந்த வழியில் வந்ததுதான். அந்தக் கோடு ஒரு நிறுவனம் உங்களுக்குக் கொடுக்கும் பொறுப்பின் அடையாளம். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் யோசிக்கும் அறைக்குள் நீங்களே அதைக் குத்திக்கொண்டு போவது நன்றாக இருக்காது.

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று வருகிறவர்களுக்கும் இதேதான். தாம்பரத்தில் பயிற்றுநராக இருந்த அனுபவம், பறந்த நேரங்களைப் பதியும் உங்கள் லாக்புக்கில் இருக்கிறது. கோட்டில் ஸ்குவாட்ரன் சின்னம், மெடல் எதுவும் தேவையில்லை.

படி 3: கோட்

அதிக நேரமும் பணமும் இங்கேதான் போகும். கல்யாண ரிசப்ஷனுக்குத் தைத்த கோட் பெட்டியில் இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாமா என்று பலர் கேட்பார்கள். பளபளக்கும் காலர், மெரூன் நிறம், மார்பில் ப்ரூச் குத்த ஓட்டை என்றிருக்கும் மாப்பிள்ளைக் கோட் ஆகாது. அண்ணன் அலுவலகத்துக்குப் போடும் சாதாரண நேவி ப்ளூ கோட் தோளுக்குச் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். இரவல் என்று யாரும் நெற்றியில் எழுதி ஒட்டப் போவதில்லை.

நிறம் இரண்டே. கருநீலம், இல்லாவிட்டால் கரும்சாம்பல். முழுக் கறுப்பு தவறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையும் ஹோட்டல் ஊழியர் தோற்றத்தைத் தந்துவிடும். கட்டம், பெரிய கோடு எதுவும் வேண்டாம். ஒற்றை வரிசை, இரண்டு பட்டன் போதும். ஏர் இந்தியா 2023 டிசம்பரில் மனீஷ் மல்ஹோத்ரா வடிவமைத்த புது யூனிஃபார்மை வெளியிட்டபோது பைலட்டுகளுக்குக் கறுப்பில் டபுள் பிரெஸ்ட் கோட் வந்தது. அதைப் பார்த்து அதே மாதிரி தைத்துக்கொண்டு அங்கேயே நேர்காணலுக்குப் போகாதீர்கள். போகிற நிறுவனத்தின் நிறத்தில் டை கட்டினால் நல்லது, போட்டி நிறுவனத்தின் நிறத்தில் கட்டினால் கெட்டது என்றெல்லாமும் ஒரு பேச்சு உண்டு. அந்த அளவுக்கு யாரும் கவனிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

துணி எடுக்கும்போது கடைக்காரரிடம் ‘டெரிவூல்’ என்று கேளுங்கள். பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்தது. கம்பளி கொஞ்சம் கூடுதலாக இருந்தால் மடிப்பு தானாக விழுந்து நேராகிவிடும், மினுமினுப்பும் இருக்காது. முழு பாலியெஸ்டர் விலை குறைவு, ஆனால் சென்னை ஈரப்பதத்தில் அரை மணி நேரம் போட்டால் உள்ளே வியர்த்துக் கொட்டும், இரண்டு முறை இஸ்திரி பட்டால் பளபளக்க ஆரம்பிக்கும். லினன் வேண்டவே வேண்டாம், டாக்ஸியில் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கிவிடும்.

தைப்பதா, ரெடிமேடா? தி.நகரிலோ கோவை ஒப்பணக்கார வீதியிலோ மதுரை மாசி வீதிகளிலோ கோட் தைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் டெய்லரைத் தெரிந்தால் தைத்துக்கொள்ளுங்கள். சட்டை, பேன்ட் நன்றாகத் தைக்கிறவர் எல்லோருக்கும் கோட் வராது. டிரையல் ஒரு தடவையாவது கட்டாயம் கேளுங்கள். அவசரத்துக்கு ரெடிமேட் எடுத்து ஆல்டர் செய்வது இன்னும் பத்திரம். கைநீளம், இடுப்பு, பேன்ட் உயரம் இதையெல்லாம் எந்த ஆல்டரேஷன் கடையிலும் சரி செய்யலாம். தோள் மட்டும் சரி செய்ய முடியாத இடம். அதனால் ரெடிமேடில் தோளை வைத்தே அளவைத் தேர்ந்தெடுங்கள்.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன்னால் விறைப்பாக நிற்காமல் இதைச் செய்யுங்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்திலேயே முடிகிறதா? பின்கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவே இடைவெளி விழுகிறதா? விழுந்தால் கோட் சரியில்லை. கையைத் தொங்கவிட்டால் கோட்டின் கை மணிக்கட்டு எலும்பில் நின்று, சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, தலைக்கு மேலே உள்ள ஓவர்ஹெட் பேனலில் ஸ்விட்ச் போடுவது போலக் கையைத் தூக்குங்கள். கோட் முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறினால் அக்குள் வெட்டு இறக்கமாக இருக்கிறது. குழுப் பணியில் வெள்ளைப் பலகையில் எழுதச் சொன்னால் அந்தக் கோட் காதைத் தொடும்.

புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறி போல ஒரு தையல் போட்டிருப்பார்கள். கடையில் தொங்கும்போது பிளவு விரியாமல் இருக்க அது. கைப்பகுதியில் கம்பெனிப் பெயர் எழுதிய சின்னத் துணி ஒட்டியிருக்கும். இரண்டையும் பிரித்து எடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதில்லை; தான் பார்க்காத முதுகில் இருப்பதால் தெரிவதில்லை. வெளிப் பாக்கெட்டுகளின் வாயில் உள்ள தையலை மட்டும் விட்டுவிடலாம். பாக்கெட்டில் போன், சாவி போட்டுத் தொங்கவிடும் ஆசை வராது.

நிற்கும்போது மேல் பட்டனை மட்டும் போடுங்கள், கீழ் பட்டன் எப்போதும் திறந்தே இருக்கட்டும். உட்காரும்போது மேல் பட்டனையும் கழற்றிவிடுங்கள். இதை வீட்டில் நாலு தரம் செய்து பழகினால் அங்கே கை தானாகப் போகும்.

எப்போது தைப்பது என்பதும் முக்கியம். அழைப்பு பல சமயம் ஒரு வாரத்துக்கும் குறைவான அவகாசத்தில் வரும். தீபாவளி, முகூர்த்த மாதம் என்றால் எந்த டெய்லரும் கை விரிப்பார். லைசென்ஸ் கைக்கு வந்த மாதத்திலேயே கோட்டையும் தயார் செய்து வையுங்கள். காத்திருக்கும் காலத்தில் வீட்டுச் சாப்பாட்டில் எடை ஏறும், அதனால் பேன்ட் இடுப்பில் உள்ளே கொஞ்சம் துணி விடச் சொல்லுங்கள்.

படி 4: சட்டையும் டையும்

வெள்ளை, முழுக்கை, பருத்தி. வெளிர் நீலமும் பரவாயில்லை. இந்திய பைலட் யூனிஃபார்ம் சட்டை பெரும்பாலும் அரைக்கைதானே என்று அதைக் கோட்டுக்குள் போட்டால் கைப்பக்கம் வெறுமையாகத் தெரியும்.

மெல்லிய வெள்ளைச் சட்டைக்குள் கையில்லாத பனியன் போட்டால் அதன் வெட்டு அப்படியே வெளியே தெரியும். கை வைத்த பனியன் போடுங்கள். அக்குள் வியர்வையையும் அது குடித்துக்கொள்ளும், நேர்காணல் பதற்றத்தில் அது பெரிய உதவி. காலர் பட்டன் போட்ட பிறகு கழுத்துக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். கல்லூரிக் காலச் சட்டையில் பட்டனே போட முடியாமல் டையை வைத்து மறைப்பவர்கள் உண்டு, ஐந்தாவது நிமிடத்தில் அது விரிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

டை கருநீலம் அல்லது அடர் சிவப்பு, ஒரே நிறம் அல்லது சின்னக் கோடு. விமானப் படம் போட்ட டை வேண்டாம். முடிச்சு ஹாஃப் வின்ட்சர் தெரிந்தால் போதும். நுனி பெல்ட் பக்கிளைத் தொட்டு நிற்க வேண்டும். ஜிப் வைத்த ரெடிமேட் டை தூரத்திலேயே தெரியும். பள்ளிக்கூடத்தோடு அது போகட்டும்.

படி 5: கால்

கறுப்பு லெதர் ஷூ, லேஸ் வைத்தது, முன்பக்கம் கூர்மையாக இல்லாதது. பெல்ட் அதே கறுப்பு. வாங்கிய புது ஷூவை அன்றைக்கே முதல் முறையாகப் போடாதீர்கள். நாள் முழுக்க நடக்கவும் நிற்கவும் வேண்டியிருக்கும், குதிகாலில் கொப்புளம் வந்தால் சிமுலேட்டரில் ரட்டர் பெடலை (விமானத்தின் மூக்கை இடம் வலம் திருப்பும் மிதியை) மிதிக்கும்போது அதுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழக்குங்கள்.

சாக்ஸ் பாதி கெண்டைக்கால் வரை ஏற வேண்டும். உட்கார்ந்து கால் மேல் கால் போட்டால் பேன்ட்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவே தோல் தெரியக்கூடாது. (கால் மேல் கால் போடாமல் இருப்பது இன்னும் நல்லது.) பாலிஷ் போடும்போது பின்குதியை மறந்துவிடாதீர்கள். நீங்கள் கதவை நோக்கி நடக்கும்போது குழு பார்ப்பது பின்குதியைத்தான்.

படி 6: பெண்களுக்கு

பெண் பைலட்டுகளின் விகிதம் உலகிலேயே அதிகமாக உள்ள நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் நேர்காணல் உடை பற்றி வரும் அறிவுரைகள் முக்கால்வாசி ஆண்களுக்கே எழுதப்பட்டிருக்கும். பெண்களுக்கு இரண்டு வரியில் ‘ஃபார்மலாக உடுத்துங்கள்’ என்று முடித்துவிடுவார்கள்.

பேன்ட் சூட் எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் தீர்மானமான கருத்து. புடவையில் நேர்காணலுக்குப் போவது தவறே இல்லை. சர்லா தக்ரால் 1936-ல், 21 வயதில், புடவை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டியவர். ஆனால் அதே நாளில் சிமுலேட்டர் இருந்தால் நிலைமை வேறு. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் பைலட் இருக்கையில் ஐந்து பட்டைகள் உள்ள பெல்ட், அதில் ஒன்று இரண்டு கால்களுக்கும் நடுவே வரும். புடவையிலோ பாவாடையிலோ அதை மாட்டுவது சங்கடம். பேன்ட் என்றால் அந்தக் கவலையே இல்லை. நேர்காணல் மட்டும்தான், பேன்ட் சூட்டில் எனக்கு உடம்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது என்றால், மிடுக்கான காட்டன் சல்வார் கமீஸும் மேலே ஒரு பிளேசரும் நன்றாகவே இருக்கும். துப்பட்டாவை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிக்கல் வாங்குவதில்தான். நம் ஊர் ஆண்கள் டெய்லர்கள் பெண்களுக்குக் கோட் தைத்தால் பெட்டி போலத் தைத்துவிடுவார்கள். பிராண்டட் கடையில் கோட்டும் பேன்ட்டும் ஒரே செட்டாக ரெடிமேட் எடுத்து இடுப்பையும் கைநீளத்தையும் ஆல்டர் செய்வதே நல்லது. கோட் ஒரு கடை, பேன்ட் ஒரு கடை என்று வாங்கினால் கருநீலமே இரண்டு கருநீலமாகிவிடும், வெயிலில் அது பளிச்சென்று தெரியும். பெண்கள் பேன்ட்டில் பல சமயம் பாக்கெட் இருக்காது, இருந்தாலும் வெறும் தையலாகத்தான் இருக்கும். பேனா, அடையாள அட்டை வைக்க இடம் வேண்டுமே, அதைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே வெள்ளை காலர் சட்டை. பட்டன்களுக்கு நடுவே இடைவெளி விரிந்தால் உள்பக்கம் ஒரு ஊக்கு.

ஷூ குதிகால் 3, 4 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் அகலக் குதிகால். முடியைக் கொண்டை போட்டோ இறுக்கிப் பின்னியோ விடலாம். பூ வேண்டாம். கொலுசைக் கழற்றிவிடுங்கள், அமைதியான அறையில் ஒவ்வொரு அடிக்கும் அதுதான் முதலில் பேசும். மெட்டி ஷூவுக்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. சின்னப் பொட்டு தாராளமாக வைக்கலாம். தாலி சட்டைக்குள் இருக்கட்டும். பெல்ட் பட்டையில் மாட்டாமல் இருக்கவும் அதுதான் வசதி. கர்ப்பமாக இருந்து கோட் பட்டன் போட முடியவில்லை என்றால் போடாமலே விடுங்கள். திறந்திருக்கும் நல்ல கோட்டில் ஒரு குறையும் இல்லை.

படி 7: தாடி, விபூதி, கயிறு

தாடியைப் பற்றிச் சண்டை ஓய்ந்தபாடில்லை. கேபினில் அழுத்தம் போனால் பைலட் சில நொடிகளில் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் பொருத்த வேண்டும், தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும் என்பது பழைய வாதம். அமெரிக்காவின் விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 1987-லேயே இதைப் பற்றி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மறுபக்கம், ஏர் கனடா சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் சோதனை செய்ய வைத்து, கசிவு பிரச்சினையாக இல்லை என்று தெரிந்து 2018-ல் தன் பைலட்டுகளுக்குத் தாடியை அனுமதித்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. மத நம்பிக்கைக்காக வைத்திருப்பவர்கள் அப்படியே போங்கள், ஓரங்கள் வெட்டிச் சீராக இருக்கட்டும். ஸ்டைலுக்காக வைத்திருப்பவர்கள் மழித்துவிடுவது நல்லது. வேலை கிடைத்த பிறகு விதியைப் படித்துவிட்டு வளர்த்துக்கொள்ளலாம். நேர்காணலுக்காகவே மூன்று நாள் முன்னால் எடுப்பவர்களுக்கு ஒன்று: தாடி இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். இரண்டு வாரம் முன்பே எடுங்கள்.

கார்த்திகையில் மாலை போட்டிருக்கும்போது அழைப்பு வந்தால் என்ன செய்வது? நம் பையன்களுக்கு இது உண்மையாகவே வரும் பிரச்சினை. விரதத்தில் இருந்துகொண்டே ஷூ போட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் குருசாமியிடம் பேசிவிட்டு நீங்களும் அப்படிச் செய்யலாம். சூட்டுக்கும் விரதத்துக்கும் பகையில்லை. மாலை சட்டைக்குள் இருக்கட்டும். தாடி பற்றிக் கேட்டால் “சபரிமலை விரதத்தில் இருக்கிறேன், ஜனவரியில் எடுத்துவிடுவேன்” என்று ஒரே வாக்கியம் போதும். மறைக்கவும் வேண்டாம், தலபுராணம் சொல்லவும் வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் நிறுவனத்தின் மனிதவளத் துறைக்கு முன்கூட்டியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

நெற்றியில் மெல்லிய விபூதிக் கீற்று இருந்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். மூன்று பட்டையும் நடுவில் குங்குமமும் என்றால், ஏசி அறையில் காய்ந்து கோட் மேல் உதிரும். கருநீலத் துணியில் விபூதி விழுந்தால் துடைக்கத் துடைக்கப் பரவும். கையில் கட்டிய கயிறுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். நாம் வலது மணிக்கட்டில்தான் கட்டுகிறோம்; ஏ320-ல் ஃபர்ஸ்ட் ஆபீசர் விமானத்தைத் திருப்பப் பிடிக்கும் சைட்ஸ்டிக்கும் வலது கையில்தான். பழசாகிச் சாயம் போன கயிறு வெள்ளைச் சட்டைக் கையிலிருந்து எட்டிப் பார்த்தால் அது பக்தியாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும். டர்பனும் ஹிஜாபும் கோட்டின் நிறத்தையொட்டி ஒரே நிறத்தில் இருந்தால் போதும்.

வாசனைத் திரவியம் வேண்டாம். அறை சின்னது, கதவு மூடியிருக்கும், குழுவில் ஒருவருக்கு ஒவ்வாமை இருக்கலாம். இதோடு விமான ஊழியர்களுக்கு நடக்கும் மதுப் பரிசோதனை விஷயமும் இருக்கிறது: டிஜிசிஏ 2023-ல் கொண்டுவந்த விதி வரைவில், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷோடு பெர்ஃப்யூமையும் விமான ஊழியர்கள் பயன்படுத்தக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். குளித்துவிட்டு மணமில்லாத டியோடரண்ட் போட்டால் போதும்.

கண்ணாடி போடுபவர்கள் வெயிலில் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸைத் தவிருங்கள். வெளியிலிருந்து உள்ளே வந்ததும் தெளிய நேரமாகும். கேப்டனுக்கு முன்னால் முதல் இரண்டு நிமிடம் கூலிங் கிளாஸோடு உட்கார்ந்தது போல இருக்கும்.

படி 8: சிமுலேட்டர் நாள்

இங்கே உடைக்கு வேலையே வேறு. கணினிகளுக்காக ஏசியை ஏற்றி வைத்திருப்பார்கள், உள்ளே குளிரும். கோட்டோடு போய், உள்ளே ஏறும் முன் கழற்றி மாட்டிவிடுங்கள். டையின் நுனியைச் சட்டையின் இரண்டாவது, மூன்றாவது பட்டன்களுக்கு நடுவே செருகிக்கொள்ளலாம், அல்லது பரிசோதகரிடம் கேட்டுவிட்டுக் கழற்றலாம். கஃப்லிங்க் போட்ட சட்டை வேண்டாம். சட்டைப் பையில் மூடியில்லாத பேனா, சில்லறை எதுவும் இருக்கக்கூடாது. விமானி இருக்கையின் கீழே விழும் பேனா எங்கே போய்ச் சிக்கும் என்று பரிசோதகர்களுக்குத் தெரியும், அதைக் கவனிப்பார்கள்.

ஷூவின் அடி மெல்லியதாக இருந்தால் பெடலில் கால் உணர்வு கிடைக்கும். தடித்த ரப்பர் அடியுள்ள ஷூ போட்டு, ரட்டரை எவ்வளவு மிதிக்கிறோம் என்றே தெரியாமல் தவிப்பது தேவையில்லாத தொல்லை. பேன்ட் மிக இறுக்கமாக இருந்தால் கியர் சத்தத்தோடு தையல் சத்தமும் கேட்கும்.

படி 9: வீடியோவில் நேர்காணல் என்றால்

முதல் சுற்றைக் கணினி வழியாக நடத்தும் நிறுவனங்கள் அதிகமாகிவிட்டன. உடை அதேதான், கீழே லுங்கி வேண்டாம். யாரோ பெல் அடித்தால் எழுந்திருக்க வேண்டியிருக்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக நெளியும், வெற்று வெள்ளை அல்லது வெளிர் நீலம் போடுங்கள். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளைச் சட்டை மட்டும் போட்டால் தலை தனியாக மிதக்கும், அதனால் கோட்டைக் கழற்றாதீர்கள். உட்கார்ந்ததும் கோட்டின் பின்பக்கத் துணியை இழுத்து அதன் மேலேயே உட்கார்ந்தால் தோள் எழும்பாது. ஃபேனை நிறுத்திவிடுங்கள், மைக்கில் காற்று இரையும்.

படி 10: அங்கே போய்ச் சேருவது

நேர்காணல் பெரும்பாலும் குருகிராமில் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் டெல்லி காலை மூடுபனிக்குப் பேர் போனது. அன்று காலை விமானத்தில் போய் இறங்கி நேராக நேர்காணலுக்குப் போகலாம் என்று திட்டமிட்டு, பனியால் தாமதமாகி, அதையே காரணமாகச் சொன்னால் எதிரே இருப்பவர் சிரிப்பார். வானிலையைப் பார்த்துத் திட்டமிடுவதுதானே நீங்கள் கேட்டுப் போகும் வேலை. முந்தின நாள் மதிய விமானத்தில் போய்விடுங்கள். அந்த மாதங்களில் காலை ஏழெட்டு டிகிரிக்கும் கீழே போகும், கோட்டுக்கு உள்ளே மெல்லிய தெர்மல் பனியன் போடலாம். ஸ்வெட்டரைக் கோட்டுக்கு மேலே போடாதீர்கள். மே மாதம் என்றால் 44 டிகிரி சகஜம். கட்டடத்துக்குள் நுழைந்த பிறகு கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோட்டை செக்-இன் பையில் வைக்காதீர்கள். பை வராமல் போனால் எல்லாம் போச்சு. 7 கிலோ கேபின் பைக்குள்ளேயே கோட், சட்டை இரண்டு, ஷூ, லாக்புக், அசல் சான்றிதழ்கள் அடங்க வேண்டும். கோட்டை இப்படி மடியுங்கள்: ஒரு தோளை உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, மற்றத் தோளை அதற்குள் செருகி, லைனிங் வெளிப்பக்கம் தெரிய நீளவாக்கில் ஒரு மடிப்பு, பிறகு ஒரு பாலித்தீன் உறைக்குள் வைத்து எல்லாவற்றுக்கும் மேலே. அறைக்குப் போனதும் குளியலறையில் மாட்டி வெந்நீரைத் திறந்துவிட்டால் பதினைந்து நிமிட ஆவியில் சின்னச் சுருக்கங்கள் போய்விடும். ஹோட்டல் இஸ்திரிப் பெட்டியை நேராகக் கோட்டில் வைக்காதீர்கள், நடுவில் ஒரு கைக்குட்டை போட்டுத் தேயுங்கள்.

லைசென்ஸ், மெடிக்கல், ஆர்டி (ரேடியோ டெலிஃபோனி) லைசென்ஸ், மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்போர்ட் எல்லாம் ஒரே கறுப்புக் கோப்பில் அழைப்பில் கேட்ட வரிசைப்படி இருக்கட்டும். லாக்புக் சாதாரண ஃபைலுக்குள் நுழையாது, பை வாங்கும் முன் லாக்புக்கை வைத்து அளந்து பாருங்கள். ஜவுளிக்கடை மஞ்சள் பையில் லாக்புக் கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முதுகில் மாட்டும் பை கோட்டின் தோளைக் கசக்கும், கையில் பிடிப்பதாக எடுங்கள்.

கோப்பின் பின்பக்கத்தில் ஒரு சின்ன உறை வைத்து அதில் ஊக்கு இரண்டு, கோர்த்து வைத்த ஊசி, ஒரு வெள்ளைப் பட்டன், ஈரத் துடைப்பான், உபரி சாக்ஸ், கண்ணாடி போடுபவர் என்றால் இரண்டாவது கண்ணாடி. மெடிக்கலிலேயே உபரிக் கண்ணாடி வைத்திருக்க வேண்டும் என்று எழுதித் தந்திருப்பார்கள், கேட்டாலும் கேட்பார்கள். காத்திருப்பு அறையில் காபி கொடுத்தால் குடிக்கலாம், கோட்டைக் கழற்றிவிட்டுக் குடியுங்கள். சட்டையில் சிந்திவிட்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கோட்டைப் போட்டு பட்டனையும் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது சட்டையை ஹோட்டலில் விடாமல் பையிலேயே கொண்டுவரச் சொல்வது இதற்காகத்தான். அழைக்கப் பத்து நிமிடம் இருந்தால்கூட மாற்றிவிடலாம்.